ஒரே ஊய்டு சுண்ணாம்புக்கல், இரண்டு கிணறுகள்: துளை மிகுந்த கல்லில் எண்ணெய் ஏன் நகர மறுக்கிறது?

#1 கல்மாணவர்

அனைவருக்கும் வணக்கம். கார்பனேட் தேக்கப்பாறைகளை, அதாவது எண்ணெய் தேங்கிநிற்கும் சுண்ணாம்புக்கல் வகைக் கற்களை, படிக்கத் தொடங்கியிருக்கும் நிலையில் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். அலைகள் ஓயாமல் புரட்டிய ஆழமற்ற கடல்மேட்டில் படிந்த ஊய்டு (சுண்ணம் பூசிப்பூசி வளர்ந்த சிறு உருண்டை மணி) கிரெய்ன்ஸ்டோன் (சேறில்லாமல் மணிகளே தாங்கிநிற்கும் சுண்ணாம்புக்கல்) அடுக்கு ஒன்றை இரண்டு கிணறுகள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் துளைக்கின்றன என்று கொள்வோம். இரண்டிலும் மணிகளின் பருமன் ஒன்றே. சேறு இரண்டிலும் இல்லை. அ கிணற்றில் நுண்துளைமை (கல்லில் துளைவெளியின் பங்கு) 24 விழுக்காடு, ஊடுருவுதிறன் (திரவத்தைப் பாய விடும் திறன்) 2 மில்லிடார்சி. ஆ கிணற்றில் நுண்துளைமை 14 விழுக்காடுதான். ஊடுருவுதிறனோ 150 மில்லிடார்சி.

படிவுச் சூழல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம் தீட்ட வேண்டும். டயாஜெனிசிஸ் எனப்படும் படிவுக்குப் பிந்தைய மாற்றம் துளைகளை அடைக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அப்படியானால் அதிகமாக அடைபட்ட ஆ கிணறு எப்படி இவ்வளவு தாராளமாகப் பாய விடுகிறது? எந்த வரிசையில் இதை யோசிக்க வேண்டும்?

#2 சீவல்நோக்கி

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நுண்துளைமையும் ஊடுருவுதிறனும் ஒரே பண்பின் இரு அளவுகள் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். மணற்கல்லில் அந்த எண்ணம் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஏனெனில் குவார்ட்ஸ் மணிகள் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. துளைகள் பெரும்பாலும் மணிகளுக்கு இடையில்தான் இருக்கும். கார்பனேட்டில் மணியே நிலையற்றது. இன்றைய ஆழமற்ற வெப்பக் கடல்களில் படியும் துகள்கள் பெரும்பாலும் அரகோனைட்டும் மக்னீசியம் மிகுந்த கால்சைட்டும் ஆனவை; இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் எளிதில் கரையும் வடிவங்கள். மழைநீர் வழிவந்த நன்னீர் அவற்றைத் தொட்டவுடன், அரகோனைட் கரைந்து மக்னீசியம் குறைந்த கால்சைட்டாக மீண்டும் படியத் தொடங்குகிறது.

அ கிணற்றில் நடந்திருக்கக்கூடியது இதுதான். கடல்மட்டம் தாழ்ந்தபோது அந்த மேடு வெளியே தெரிந்தது. நன்னீர் இறங்கி அரகோனைட் ஊய்டுகளைக் கரைத்தது. கரைந்த சுண்ணம் தூரம் போகாமல் பக்கத்திலேயே, மணிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில், கால்சைட் சிமென்ட்டாகப் படிந்தது. விளைவு முழுத் தலைகீழ் மாற்றம்: மணி இருந்த இடம் துளையாகிறது, துளை இருந்த இடம் கல்லாகிறது. மொத்த நுண்துளைமை பெரிதாகக் குறையாமலே இது நடந்துவிடும். ஆனால் முன்பு மணிகளுக்கு இடையே தொடர்ச்சியாக ஓடிய பாதை போய், தனித்தனி உருண்டை அச்சுத்துளைகள் மிஞ்சுகின்றன. அறைகள் பெரியவை, கதவுகள்தான் இல்லை. ஓர் அச்சுத்துளையிலிருந்து அடுத்ததற்குச் செல்ல எண்ணெய்க்கு இருக்கும் ஒரே வழி, சிமென்ட் படிகங்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளி.

ஆ கிணற்றின் கல்லில் அந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கவில்லை என்பது என் ஊகம். கடலடியிலேயே மணிகளைச் சுற்றி மெல்லிய, சீரான தடிப்புள்ள சிமென்ட் உறை ஒன்று படிந்திருக்கலாம். அது துளையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாலும் மணிச் சட்டகத்தை விறைப்பாக்குகிறது; பின்னர் மேற்சுமை ஏறும்போது மணிகள் நசுங்கி நெருங்குவதைத் தடுக்கிறது. எஞ்சிய 14 விழுக்காடும் மணிகளுக்கு இடையில், ஒன்றோடொன்று இணைந்து கிடக்கிறது.

ஒரு சிறு கணக்கும் போடலாம். நுண்துளைமையிலிருந்தும் ஊடுருவுதிறனிலிருந்தும் துளைக்கழுத்தை, அதாவது துளைகளை இணைக்கும் குறுகிய வாயை, மதிப்பிடும் வின்லாண்ட் சமன்பாட்டில் உங்கள் எண்களை இட்டால், அழுத்திச் செலுத்திய பாதரசம் 35 விழுக்காடு துளைவெளியை நிரப்பும் நிலையில் அந்தக் கழுத்தின் ஆரம் அ கிணற்றுக்குச் சுமார் 0.5 மைக்ரான், ஆ கிணற்றுக்குச் சுமார் 10 மைக்ரான் என்று வருகிறது. அச்சுத்துளைக் கல்லுக்கு அந்தச் சமன்பாடு முழுமையாகப் பொருந்தாது. ஆனாலும் இருபது மடங்கு வேறுபாட்டைச் சமன்பாட்டின் குறை என்று தள்ளிவிட முடியாது.

#3 லாக்வாசிப்பவர்

மேற்சொன்னதன் விளைவு நுண்ணோக்கியோடு நிற்பதில்லை. பாறையின் மின்தடைமையிலிருந்து நீர்ச்செறிவை (துளைவெளியில் நீரின் பங்கை) கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டில், சிமென்ட்டேற்ற அடுக்கெண் எனப்படும் எம் (m) மதிப்பை வழக்கம்போல் 2 என்று வைத்துக் கணக்கிடுவோர் அச்சுத்துளைக் கல்லில் தவறான முடிவுக்கு வருவார்கள். மணியிடைத் துளைகளுக்கு 2 பொருந்தும். தொடர்பற்ற அச்சுத்துளைகள் மிகும்போது அது 3 வரையிலும், சில கற்களில் அதற்கு மேலும் ஏறும். பிளவுகள் மட்டும் உள்ள கல்லில் 1ஐ நோக்கி இறங்கும்.

நுண்துளைமை 20 விழுக்காடு, பாறை நீரின் மின்தடைமை 0.02, பாறையின் மின்தடைமை 8 ஓம் மீட்டர் என்று கொள்ளுங்கள். எம் மதிப்பு 2 என்றால் நீர்ச்செறிவு 25 விழுக்காடு. கிணற்றை முடித்து உற்பத்திக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றும். அதே அளவீடுகளோடு எம் மதிப்பை 3 ஆக்கினால் நீர்ச்செறிவு 56 விழுக்காடு. டயாஜெனிசிஸை அறியாத கணக்கு நீரைக்கூட எண்ணெயாகக் காட்டிவிடும்.

ஒலி லாக், அதாவது கிணற்றுக்குள் கருவியை இறக்கிக் கல்லில் ஒலி செல்லும் வேகத்தை ஆழவாரியாகப் பதியும் அளவீடு, இங்கே உதவிக்கு வரும். உருண்டையான, தனித்த அச்சுத்துளைகள் கல்லின் விறைப்பை அதிகம் குறைப்பதில்லை. ஒலி அவற்றைச் சுற்றிச் சிமென்ட் வழியே விரைந்து போய்விடுகிறது. எனவே ஒலி லாக் தரும் நுண்துளைமை, நியூட்ரான் அடர்த்தி லாக்குகள் தருவதைவிடக் குறைவாக வரும். அந்த இடைவெளி பெரிதாகத் தெரியும் ஆழங்களில் அச்சுத்துளைகளையும் பொந்துகளையும் எதிர்பார்க்கலாம்.

#4 கல்மாணவர்

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: எல்லாக் காலத்து ஊய்டுகளும் அரகோனைட்டா? அப்படியில்லை என்றால், நன்னீர் பட்டும் கரையாத ஊய்டு இருக்க முடியுமா?

#5 சீவல்நோக்கி

இருக்க முடியும், இருந்தும் இருக்கிறது. கடல்நீரில் மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் இன்று சுமார் 5. அந்த விகிதம் 2க்குக் கீழே இருந்த காலங்களில், குறிப்பாகத் தொல்லுயிர் ஊழியின் நடுப்பகுதியிலும் ஜுராசிக் கிரெட்டேசியஸ் காலங்களிலும், உயிரற்ற முறையில் படிந்த சுண்ணத்தில் கால்சைட்டே ஓங்கியிருந்தது. சாண்ட்பெர்க் 1983இல் அரகோனைட் கடல், கால்சைட் கடல் என்று வகுத்தது இந்த ஊசலாட்டத்தைத்தான். கால்சைட் ஊய்டு நன்னீருக்கு எளிதில் வளைந்துகொடுக்காது. மையத்திலிருந்து ஆரங்களாக விரியும் அதன் படிக அமைப்புகூட அப்படியே மிஞ்சும்.

ஆனால் காலத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டாம். அமெரிக்காவின் வளைகுடாக் கரையை ஒட்டிய, பின் ஜுராசிக் காலத்து ஸ்மாக்ஓவர் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சைட் கடல் என்று சொல்லப்படும் காலத்தில் படிந்தது அது. ஆயினும் தெற்கு ஆர்கன்சாஸின் வடபகுதியில், பழைய கரையை ஒட்டிய ஊய்டுகள் அரகோனைட்டாக இருந்து கரைந்து அச்சுத்துளைகளாயின. தெற்கே லூசியானா நோக்கிச் செல்லச் செல்ல ஊய்டுகள் கால்சைட்டாக இருந்தன, அங்கே மணியிடைத் துளைகள் தப்பின. உங்கள் அ கிணறும் ஆ கிணறும் அந்த அடுக்கின் இரு முனைகளாகவே இருந்திருக்கலாம். ஆகவே கனிமவியலைக் கேட்காமல் சிமென்ட்டை மட்டும் எண்ணுவது அரைவேலை.

#6 ஆழ்புதைவு

இதுவரை பேசியவை எல்லாம் முதல் சில நூறு மீட்டர்களின் கதை. கல் அங்கே நின்றுவிடுவதில்லை. சோக்கெட்டும் பிரேயும் 1970இல் கார்பனேட் துளைகளின் வாழ்க்கையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: மேற்பரப்பின் செல்வாக்குக்கு உட்பட்ட தொடக்கக் கட்டம், ஆழப் புதைந்த நடுக்கட்டம், மீண்டும் மேலே வந்து அரிப்புக்கு உள்ளாகும் பிந்தைய கட்டம். இந்த இழையில் நடுக்கட்டத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

புதிதாகப் படிந்த கார்பனேட் மணல்களின் நுண்துளைமை 40 முதல் 50 விழுக்காடு. சேறுகளில் அது 70 விழுக்காட்டை எட்டும். பழைய கார்பனேட் தேக்கப்பாறைகளில் நாம் காண்பது பெரும்பாலும் 5 முதல் 15 விழுக்காடு. இந்தப் பெரும் இழப்பு எல்லாம் நன்னீரின் வேலை அன்று. தெற்கு ஃபுளோரிடாவின் ஆழ்கிணறுகளைக் கொண்டு ஷ்மோக்கரும் ஹேலியும் 1982இல் வெளியிட்ட வளைவின்படி, சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைமை 1,000 மீட்டரில் சுமார் 28 விழுக்காடு, 3,000 மீட்டரில் சுமார் 13 விழுக்காடு. ஒரு வட்டாரத்தின் சராசரி அது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

முதலில் இயந்திர அழுத்தம்: மணிகள் நெருங்குகின்றன, மெல்லிய ஓடுகள் உடைகின்றன. பிறகு வேதி அழுத்தம்: மணிகள் தொடும் இடங்களில் சுமை குவிந்து கால்சைட் கரைகிறது, பல்வரிசை போன்ற ஸ்டைலோலைட் கோடுகள் உருவாகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்டைலோலைட் தான் நின்ற இடத்தில் கல்லைத் தின்றாலும் அதன் உண்மையான கேடு அண்டையில்தான் நடக்கிறது என்பது. கரைந்த கால்சைட் இரு பக்கமும் பரவிப் பக்கத்துத் துளைகளில் சிமென்ட்டாகப் படிகிறது. அபுதாபியின் தமாமா என்னும் சுண்ணாம்புக்கல் தொகுதியில் ஸ்டைலோலைட் நெருங்கிய அடர்ந்த அடுக்குகளும் துளை மிகுந்த அடுக்குகளும் மாறி மாறி வருவதை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

அதே தமாமா எண்ணெய் வயல்களில் மேல்முகட்டின் நுண்துளைமை பக்கச்சரிவுகளைவிடக் கூடுதலாக இருப்பதும் நெடுநாளாகப் பேசப்படுவது. முகட்டில் எண்ணெய் முன்னதாக நிரம்பி நீரை விரட்டியதால் சிமென்ட் வளர முடியவில்லை என்பது ஒரு விளக்கம். இந்த விளக்கத்தை எல்லா இடத்திலும் ஒட்டவைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் வந்த பின்னும் மணிகளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் தங்கியிருக்கும் என்பதால், வேகம் குறையுமே தவிர வளர்ச்சி முற்றிலும் நின்றுவிடாது என்பதே என் நிலைப்பாடு.

சாக்கட்டிப் பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்வேயின் எகோஃபிஸ்க் வயல் 1969இல் கண்டறியப்பட்டது. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் அந்தச் சாக்கட்டி 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நுண்துளைமையோடு இருக்கிறது. இயல்பாகப் புதைந்திருந்தால் அதில் பாதி எஞ்சியிருந்தாலே பெரிது. மூன்று காரணங்கள் அங்கே சேர்ந்தன. சாக்கட்டியை ஆக்கிய காக்கோலித் துகள்கள் (நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகள்) தொடக்கத்திலிருந்தே மக்னீசியம் குறைந்த கால்சைட், ஆகவே கரைந்து மறுபடியும் படிய வேண்டிய அவசரம் அவற்றுக்கு இல்லை. துளைநீரின் மிகையழுத்தம் மேற்சுமையின் ஒரு பங்கைத் தாங்கியது. எண்ணெயும் வந்து சேர்ந்தது. உற்பத்தி தொடங்கி அந்த அழுத்தம் குறைந்தபோது, கல் தாங்கமுடியாமல் நசுங்கிக் கடலடியே தாழ்ந்தது. 1987இல் உற்பத்தி மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. படிவுப்பின் மாற்றத்தை இயற்கை பாதியில் நிறுத்தி வைத்திருந்தால், அது உற்பத்திக் காலத்தில் நம் கண்முன்னே மீண்டும் தொடங்கக்கூடும்.

#7 லாக்வாசிப்பவர்

நல்ல விளக்கம். ஆனால் எகோஃபிஸ்க் கல்லின் ஊடுருவுதிறன் ஒரு சில மில்லிடார்சிதான் என்பதையும், கிணறுகளுக்கு எண்ணெயைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் பிளவுகளே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபடியும் அதே பாடம்: துளை காப்பாற்றப்பட்டாலும் கழுத்து ஒரு மைக்ரானுக்குக் குறைவு.

என் கேள்வி, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமமான டோலமைட்டைப் பற்றியது. கால்சைட் டோலமைட்டாக மாறும்போது கன அளவு சுமார் 13 விழுக்காடு சுருங்கும், அந்த அளவுக்குத் துளை பிறக்கும் என்று பல அறிக்கைகளில் படிக்கிறேன். எலி தெ போமோன் 1836இலேயே போட்ட கணக்கு என்றும் சொல்கிறார்கள். இதை நம்பி லாக்கில் டோலமைட் தெரிந்த இடமெல்லாம் நல்ல தேக்கம் என்று குறிக்கலாமா?

#8 சீவல்நோக்கி

குறிக்க வேண்டாம். அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இரண்டு மூலக்கூறு கால்சைட் ஒரு மூலக்கூறு டோலமைட்டாக மாறும்போது, கார்பனேட் வெளியிலிருந்து சிறிதும் வரக்கூடாது, உள்ளிருந்து கால்சியம் மட்டும் வெளியேற வேண்டும். இயற்கையில் மக்னீசியத்தைச் சுமந்துவரும் நீர் கார்பனேட்டையும் சுமந்து வருகிறது. அதனால் கன அளவு மாறாமலே மாற்றம் நடக்கலாம். அதன் பின்னும் நீர் பாய்ந்துகொண்டே இருந்தால் டோலமைட் துளைகளுக்குள்ளும் சிமென்ட்டாக வளரும். மிகை டோலமைட்டாக்கம் என்று சொல்வது அதைத்தான். உப்புக்குளத்திலிருந்து அடர்ந்த நீர் கீழிறங்கிய இடங்களில், நீர் நுழைந்த வாயை ஒட்டிய பகுதி இப்படி அடைந்துபோவதும், தொலைவில் உள்ள பகுதி துளையோடு தப்புவதும் உண்டு. அந்நீர் கூடவே அன்ஹைட்ரைட் என்ற கால்சியம் சல்பேட் கனிமத்தையும் கொண்டுவந்து பொந்துகளை அடைத்துவிட்டுப் போகும்.

மக்னீசியக் கணக்கும் சிறியதன்று. 40 விழுக்காடு நுண்துளைமை உள்ள படிவை முழுவதும் டோலமைட்டாக்க, அதன் துளைவெளியைப் போல் சுமார் 650 மடங்கு சாதாரணக் கடல்நீர் அதன் வழியே ஓட வேண்டும் என்று ஆய்வாளர் லாண்ட் கணக்கிட்டார். அவ்வளவு நீரைத் தள்ளும் விசை எது என்று கேட்ட பிறகுதான் டோலமைட் உடலின் வடிவத்தைக் கணிக்க முடியும். டோலமைட் இயல்பாகவே பிடிகொடுக்காத கனிமம் என்பதற்கு அவருடைய இன்னொரு சோதனை சான்று: 25 செல்சியஸ் வெப்பத்தில், ஆயிரம் மடங்கு மிகைச்செறிவில் வைத்தும் 32 ஆண்டுகளில் டோலமைட் படியவில்லை. எதிர்மறை முடிவை வெளியிட அவ்வளவு காலம் காத்திருந்த பொறுமை எனக்கு வியப்புத் தருவது.

அப்படியானால் டோலமைட்டால் என்ன பயன்? இரண்டு. ஒன்று, படிக அளவு. ஆய்வாளர் லூசியா வகுத்த பாறைக்கட்டமைப்பு வகைகளில் 20 மைக்ரானும் 100 மைக்ரானும் எல்லைக்கோடுகள். சேறு ஓங்கிய சுண்ணாம்புக்கல்லின் துகள்கள் சில மைக்ரான் மட்டுமே. அது 100 மைக்ரானுக்கு மேற்பட்ட டோலமைட் படிகங்களாக மாறினால், நுண்துளைமை ஒரு விழுக்காடும் கூடாமலே ஊடுருவுதிறன் பன்மடங்காகும். கிரெய்ன்ஸ்டோனுக்கு அந்த ஆதாயம் இல்லை, அதன் மணிகள் ஏற்கெனவே பெரியவை. இரண்டு, விறைப்பு. டோலமைட் அழுத்தக் கரைவை நன்றாகத் தாங்கும். ஆழ்புதைவு குறிப்பிட்ட ஃபுளோரிடா ஆய்விலேயே, மேலே டோலமைட்டின் நுண்துளைமை சுண்ணாம்புக்கல்லைவிடக் குறைவு. சுமார் 1,700 மீட்டருக்குக் கீழே நிலைமை தலைகீழாகிறது. டோலமைட் அங்கே துளையைப் படைக்கவில்லை, அருகிலிருந்த கல் இழந்ததைத் தான் இழக்காமல் நின்றது.

1948இல் கண்டறியப்பட்ட, சவூதி அரேபியாவின் கவார் எண்ணெய் வயலின் அரபு-டி அடுக்கில் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். அங்கே சில டோலமைட் பட்டைகள் ஒரு சில அடி தடிப்பிலேயே கிணற்றின் பெரும்பங்கு ஓட்டத்தைத் தருகின்றன; வேறு சில டோலமைட்டுகள் இறுகி, ஓட்டத்துக்குத் தடையாகின்றன. லாக்கில் கனிமப் பெயர் இரண்டுக்கும் ஒன்றே.

#9 ஆழ்புதைவு

டோலமைட்டைப் பற்றிய விளக்கத்தோடு உடன்படுகிறேன். அடுத்ததாக, ஆழத்தில் துளைகள் புதிதாகப் பிறப்பதைப் பற்றிப் பேசாமல் இந்த இழை நிறைவுபெறாது. ஸ்டைலோலைட்டை வெட்டிச் செல்லும் பொந்துகளையும், ஆழச் சிமென்ட்டின் விளிம்பு அரிக்கப்பட்டிருப்பதையும் பலர் படம்பிடித்திருக்கிறார்கள். கரிமப்பொருள் முதிரும்போது வெளிவரும் அமிலங்களும் கார்பன் டை ஆக்சைடும் எண்ணெய்க்கு முன்னோடியாக வந்து கல்லைக் கரைத்து இடம் செய்துவைக்கின்றன என்ற கருத்து இதனால்தான் வலுப்பெற்றது.

#10 நீர்வேதியியல்

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. படம் உண்மையாக இருக்கலாம். பொருள் சமநிலைக் கணக்கு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கனமீட்டர் பாறையில் நுண்துளைமையை 5 விழுக்காடு கூட்ட வேண்டும் என்றால் சுமார் 135 கிலோ கால்சைட் கரைந்து வெளியேற வேண்டும். வரும் நீர் ஒவ்வொரு லிட்டருக்கும் 100 மில்லிகிராம் கரைக்கும் அளவுக்குக் குறைசெறிவோடு இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 1,350 கனமீட்டர் நீர் அந்த ஒரு கனமீட்டர் வழியே ஓட வேண்டும். தொடக்க நுண்துளைமை 10 விழுக்காடு என்றால் அது துளைவெளியைப் போல் 13,500 மடங்கு. படுகையின் ஆழத்தில் அவ்வளவு நீர் எங்கிருந்து வரும்? அப்படியே வந்தாலும், வழியில் உள்ள சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துத் தன் பசியை ஆற்றிக்கொள்ளாமல் உங்கள் தேக்கம் வரை குறைசெறிவோடு எப்படி வந்து சேரும்? கார்பனேட்டின் வினைவேகம் அதற்கு இடம் கொடுக்காது. எரன்பெர்க், வால்டர்ஹாக், பியோர்லிக்கே ஆகிய மூவரும் 2012இல் எழுப்பியது இத்தகைய வினாக்களையே; ஆழக் கரைவு நுண்துளைமையை உருவாக்குகிறது என்பது உண்மையா மாயையா என்றே அவர்கள் கேட்டார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, கால்சைட்டின் கரைதிறன் வெப்பம் கூடும்போது குறைகிறது. ஆழத்துக்குச் செல்லும் நீர் சூடேறும்போது கால்சைட்டைப் படிய வைக்கவே முனையும்.

#11 ஆழ்புதைவு

கணக்கை மறுக்கவில்லை, அதன் எல்லையை மட்டும் சுட்டுகிறேன். நீங்கள் சொன்ன அதே வெப்ப விதியைத் திருப்பிப் பாருங்கள்: ஆழத்திலிருந்து பிளவுப்பெயர்ச்சி வழியே மேலேறும் சூடான நீர் குளிரும்போது கரைக்கும் திறன் பெறுகிறது. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல்லைத் தொடாமல், திறந்த பிளவின் வழியே விரைந்து வந்தால் அந்தத் திறன் வீணாகாமலும் இருக்கும். வெவ்வேறு உப்புத்தன்மையுள்ள இரண்டு நீர்கள், தனித்தனியே செறிவாக இருந்தும், கலந்தவுடன் குறைசெறிவாகலாம். இவை எல்லாம் பிளவுகளை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் நடக்கும் என்பதை ஏற்கிறேன். வளைந்த படிகமுகமுள்ள சேணவடிவ டோலமைட் அப்பட்டைகளில் கூடவே காணப்படுவதும் இதற்குத் துணைச் சான்று. ஆக, ஆழக் கரைவைப் பிளவுக்கு அருகில் தேடுங்கள். வயல் முழுவதற்கும் போர்த்த வேண்டாம்.

#12 நீர்வேதியியல்

அந்த வடிவத்தில் எனக்கும் எதிர்ப்பில்லை. ஓரிடத்தில் கரைந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் படிவது மறுபங்கீடு. மொத்த நுண்துளைமை அதில் கூடவில்லை என்பதை மட்டும் அறிக்கைகளில் பிரித்து எழுதினால் போதும். கணக்கு இரு பக்கமும் வெட்டும்: ஒரு லிட்டர் துளைவெளியை முழுதும் கால்சைட்டால் நிரப்ப 2.7 கிலோ வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் படியவைக்கும் நீர் என்றால் 54,000 லிட்டர். அதனால்தான் ஆழச் சிமென்ட்டுக்கு வெளியூர் நீரைத் தேடுவதைவிட, அருகிலுள்ள ஸ்டைலோலைட்டை மூலமாகக் கருதுவது எளிதாகிறது.

#13 லாக்வாசிப்பவர்

பெரும் அளவில் துளை பிறப்பதைத் தேடுவோர் மேற்பரப்புக்குத்தான் திரும்ப வேண்டும் போலிருக்கிறது. மேற்கு டெக்சாசின் யேட்ஸ் வயல், 1926இல் கண்டது, பெர்மியன் காலத்துத் தீவுகளின் அடியில் குடையப்பட்ட குகைகளின் மேல் நிற்கிறது. துளைக்கும்போது துளைமுனை திடீரென்று வெற்றிடத்தில் விழுந்த பதிவுகள் அங்கே உண்டு. மும்பை ஹை எண்ணெய் வயலின் எல்-3 எனப்படும் மயோசீன் சுண்ணாம்புக்கல்லிலும், கடல்மட்டம் தாழ்ந்தபோது நன்னீர் கரைத்த அச்சுத்துளைகளும் பொந்துகளும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. ஆனால் குகை ஆழத்துக்குச் சென்றால் கூரை இடிந்து, நொறுங்கிய கல்லும் அதன் பிளவுகளும்தான் மிஞ்சும். அங்கே கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த சிறு கோர்த் துண்டில் அளந்த ஊடுருவுதிறன் கிணற்றின் நடத்தையைக் காட்டாது.

#14 கல்மாணவர்

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. என் கணக்கின் அ கிணற்றில் நன்னீர்தான் காரணம் என்பதை எப்படி உறுதிசெய்வது? சிமென்ட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்பு எதிர்மறையாக இருந்தால் போதுமா?

#15 சீவல்நோக்கி

போதாது. ஆக்சிஜன் மதிப்பு நன்னீராலும் தாழும், ஆழத்தின் வெப்பத்தாலும் தாழும். அந்த ஓர் எண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. கூடவே கார்பன் மதிப்பும் தாழ்ந்திருந்தால் மண்ணின் கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீரை ஐயுறலாம். திரள் ஐசோடோப்பு முறை வெப்பநிலையைத் தனியே தருவதால் இப்போது அந்தச் சிக்கல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

ஆனால் எந்த அளவீட்டுக்கும் முன்னால் வரிசையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நுண்ணோக்கிக்காக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் பாறைச் சீவலில் நீலப் பிசினை ஊற்றித் துளைகளைத் தெரியவையுங்கள். அலிசரின் சிவப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கொண்டு சாயமேற்றுங்கள். கால்சைட் சிவக்கும், இரும்பு கலந்த கால்சைட் ஊதாவாகும், இரும்பில்லாத டோலமைட் நிறமேற்காது. பிறகு எதிர்மின்கதிர் ஒளிர்வில் வைத்துப் பாருங்கள்: மாங்கனீசு ஒளிரவைக்கும், இரும்பு அணைக்கும். ஒளிராத பட்டை, பளிச்சென்ற பட்டை, மங்கிய பட்டை என்று சிமென்ட் அடுத்தடுத்து வளர்ந்திருந்தால், ஆக்சிஜனுள்ள நீரிலிருந்து ஆக்சிஜனற்ற நீருக்குச் சூழல் மாறியதை அது பதிவுசெய்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே படிந்திருந்தால், மணிகள் தொடும் இடத்தில் குழிந்த வளைவாகவும், மணியின் அடிப்பக்கத்தில் மட்டும் தொங்குவதாகவும் சிமென்ட் இருக்கும்; அந்த வடிவம் தெரிந்தால் ஐசோடோப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மணிகள் நசுங்கியபின் சிமென்ட் வந்ததா, சிமென்ட் வந்ததால் நசுங்காமல் போனதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிமென்ட் நிரம்பிய மணியிடைவெளியின் பரப்பைச் சீவலில் அளந்தாலே அது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மாதிரி எடுப்பதில் ஒரு வேண்டுகோள். துளையுள்ள அழகான துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இறுகிய அடுக்கிலும், ஸ்டைலோலைட்டின் இரு பக்கத்திலும், மேற்பரப்பாக இருந்த மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு மீட்டரிலும் எடுங்கள். நன்னீர்தான் காரணம் என்றால் அச்சுத்துளைகளின் பங்கு அந்த மட்டத்துக்கு அருகில் மிகுந்து, கீழே போகப்போகக் குறைய வேண்டும்.

#16 கல்மாணவர்

புரிந்தது. பாதரசத்தை அழுத்திச் செலுத்தித் துளைக்கழுத்துகளை அளக்கும் சோதனையை இரு கிணற்று மாதிரிகளிலும் செய்யச் சொல்கிறேன். எதை எதிர்பார்க்க வேண்டும்?

#17 லாக்வாசிப்பவர்

அ கிணற்றின் வளைவு, அழுத்தம் வெகுவாக ஏறும்வரை பாதரசத்தை ஏற்காமல் நின்று, அரை மைக்ரானை ஒட்டிய கழுத்தில் ஒரே எழுச்சியில் அச்சுத்துளைகளை நிரப்பினால், சீவல்நோக்கி சொன்ன தலைகீழ் மாற்றம் பொருந்தும். வளைவு இரண்டு படிகளாக ஏறினால், எங்கோ மணியிடைப் பாதையில் ஒரு பங்கு இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்த 2 மில்லிடார்சி எந்தத் துண்டில் அளக்கப்பட்டது, அதில் மயிரிழைப் பிளவு இருந்ததா என்று முதலில் பாருங்கள். வளைவு கிடைத்ததும் இதே இழையில் போடுங்கள். ஒலி லாக்கையும் சேர்த்துப் போட்டால் எம் மதிப்பை அடுக்கடுக்காக மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.